நாரை இல்லாத தொண்ணூற்று நான்கு குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

இவ்வளவு படித்த ஒரு மனிதர், பெரும்பாலும் கவிதையைப் பற்றியே தொண்ணூற்று நான்கு குறிப்புகள் எழுதிவிட்டு, அவற்றில் ஒன்றில்கூட மூங்கிலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் இருப்பது எப்படி? எனக்குத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்பு தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சீனக் கவிதையில் மூங்கில் இல்லாத பக்கம் அரிது. நம் பக்திப் பாடல்களிலிருந்து தாமரையை எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

நூலின் பெயர் 'ஈரச் சுவர்க் குறிப்புகள்'. பன்னிரண்டாம் நூற்றாண்டு. எழுதியவர் தோவ் ஜூ, பதவி பறிக்கப்பட்ட சிறு அதிகாரி. ஆற்றங்கரையில் ஒரு பழைய வீடு, அதில் எப்போதும் ஈரம் காயாத ஒரு சுவர். அந்தக் கால அறிஞர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: படிக்கும்போது தோன்றியதை உடனே குறித்துவைப்பார்கள். ஒரு செவ்வியல் நூலின் உரையில் பிழை, வரலாற்றில் ஒரு சந்தேகம், பிடித்த கவிதை வரி, பிடிக்காத கவிதை வரி. தேதி கிடையாது, வரிசை கிடையாது. செத்த பிறகு யாராவது திரட்டி மரப்பலகையில் செதுக்கி அச்சிடுவார்கள். தோவ் ஜூவுடையது முந்நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். முதல் 218இல் மூங்கில் நிறைய. கடைசி 94இல் ஒன்றுமில்லை.

என் தமிழ் மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. சீன மூலத்தோடு சேர்த்து வெளியிடும் சங்கத்தின் கடிதம் இன்று வந்தது. ஏப்ரல் 24ஆம் தேதி அரங்கில் கருத்தரங்கு, அன்றே அட்டை முடிவாகும். 'ஆசிரியர்: தோவ் ஜூ' என்று மாதிரி அட்டையில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. குழுவில் மூன்று பேர்: தலைவர் பேராசிரியர் தான் ('தான்' அவர் குடும்பப் பெயர்), செயலாளர் மிஸ் ஊய், பிறகு கிள்ளான்காரர்.

சமையல் எரிவாயு தீர்ந்தது. ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

பின்னாளில் இதை நானே படித்துக் குழம்பக்கூடாது என்பதற்காக: கிள்ளான்காரர் என்பது என் முன்னாள் கணவர். பதினான்கு வருடம் சேர்ந்திருந்தோம். பிரிந்து ஒன்பது வருடம். பிரிவு சுமுகமானது. நான் இரண்டு பெட்டிகளோடு பினாங்குக்கு, சின்னம்மா வீட்டுக்குத் திரும்பினேன்.

சீன இலக்கியம் பற்றித் தமிழில் இருக்கும் ஒரே பெரிய நூல் அவருடையது. 2004. பல்கலைக்கழகங்களில் பாடம். அதன் ஐந்தாம் அத்தியாயம் 'ஈரச் சுவர்க் குறிப்புகள்' பற்றியது. மூங்கில் இல்லாததற்கு அங்கே ஒரு விளக்கம் இருக்கிறது: முதுமையில் தோவ் ஜூ பெயர் சொல்லாமலே பொருளைச் சுட்டும் ஒரு விளையாட்டில் இறங்கினார் என்று. அழகான விளக்கம். நல்ல தமிழில் எழுதப்பட்டிருக்கிறது.

அது தவறு என்று நினைக்கிறேன். சான்று இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

நாள் முழுதும் எண்ணினேன். முதல் பகுதியில் மூங்கில் 41 முறை வருகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் 37 என்று இருக்கிறது. சீனாவின் நாஞ்சிங்கில் நான் மாணவியாக இருந்தபோது எடுத்த பழைய ஒளிநகலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் 61ஆம் தாள் இல்லை. அந்தத் தாளில் நான்கு.

சின்னம்மா வந்து என் மேசையைப் பார்த்தார்.

"ஞாயித்துக் கெழமைகூட என்னாடி எண்ணிக்கிட்டு இருக்கே?"

"மூங்கில், சின்னம்மா."

"கொல்லையில ரெண்டு குத்து நிக்குது. அத எண்ணு. காத்துல இருந்தாப்பலயும் ஆச்சு."

மார்ச் 13, வியாழன்

சின்னம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் அறுவைக்குப் பதிய மருத்துவமனை போனோம். ஏழு மணிக்கு எண் எடுத்து, பத்தரைக்கு அழைத்தார்கள். முகப்பில் ஒரு மலாய்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், தலையில் இளஞ்சிவப்புத் துணி. அடையாள அட்டை, முகவரி எல்லாம் சரியாகப் போனது. பிறகு கணவர் பெயர் கேட்டாள்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் பையில் பழைய மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரே மலாயில் சமாளித்தார்: மலைக்கோயில் சாமி கையில் வைத்திருப்பது.

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள். "கையில் என்ன வைத்திருக்கும், அம்மா?"

"கூரா, நீட்டமா இருக்கும் லா." விரலை மேலே தூக்கிக் காட்டினார்.

"குடை?"

பின்னால் வரிசையில் நின்ற தமிழ் ஆள் சிரித்துவிட்டார். நான் எட்டிப் பார்த்து, "வேலாயுதம்" என்றேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா இறந்து பதினெட்டு வருடமாகிறது.

வண்டியில் கேட்டேன். "இப்ப சொன்னாத்தான் என்ன, சின்னம்மா? அவரா வந்து கேக்கப் போறாரு?"

"நீ சொல்லலாம். உனக்கென்ன, படிச்சவ. எனக்கு வாயில வராது."

"வரலையா, வரவைக்கலையா?"

"ரெண்டும் ஒண்ணுதான். சாலையப் பாத்து ஓட்டு."

மார்ச் 14, வெள்ளி

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதினால் நம்பிவிடுவேனோ என்று தோன்றியது.

மூன்றாவது வீட்டுப் பையன் பெயர் வேலு. சின்னம்மா அவனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூணாம் வூட்டுப் புள்ள". போன மாதம் தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் கூட்டமே "வேல் வேல்" என்று கத்தியபோது, பக்கத்தில் நின்று கவனித்தேன்: அவர் "அரோகரா" மட்டும்தான் சொன்னார். கணவர் பெயரை மட்டும் அவர் விலக்கவில்லை. அந்தச் சொல்லையே, அது எங்கே கிடந்தாலும், சுற்றிக்கொண்டு நடக்கிறார். ஐம்பது வருடமாக. கஷ்டப்பட்டும் அல்ல. காலில் செருப்புப் போடுவது மாதிரி.

தோவ் ஜூ. 'ஜூ' என்றால் மூங்கில்.

சீனத்தில் பிள்ளைகள் தகப்பன் பெயரைச் சொல்லவும் எழுதவும் மாட்டார்கள். அந்தச் சொல் வரும் இடத்தில் வேறு சொல் போடுவார்கள். இது எனக்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்பட்டது, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அரசர் பெயரை விலக்கிய இடங்களை வைத்து நூல்களின் காலத்தைக் கணிப்பது எங்கள் துறையில் தினசரி வேலை. ஆனால் ஆசிரியர் தன் பெயரையே விலக்குவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எந்த மனிதரும் தன் பெயரைத் தானே விலக்கமாட்டார்.

காலை ஆறு மணிக்கு மறுபடி 94ஐயும் படித்தேன். கவிதையில் மட்டுமல்ல. மூங்கில் பாய் அங்கே 'கோடைப் பாய்'. மூங்கில் கூடை 'சந்தைக் கூடை'. முதுமையின் விளையாட்டு என்றால் பாயிலும் கூடையிலுமா விளையாடுவார்?

கல்லூரிக்கு இருபது நிமிடம் தாமதம். முதல் முறை.

மார்ச் 17, திங்கள்

நிதானம். எனக்கு எதிராக நானே எழுதுகிறேன்.

ஒன்று: கடைசி 94ஐ எழுதியது மகனாக இருக்கலாம். இல்லை. 108ஆம் குறிப்பில் தோவ் ஜூ தன் ஒரே மகன் ஒன்பது வயதில் இறந்ததை எழுதியிருக்கிறார்.

இரண்டு: மாணவராக இருக்கலாம். மாணவர்களும் ஆசிரியர் பெயரை விலக்குவதுண்டு. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்று: மகள். ஒரு மகள் இருந்தாள் என்று மட்டும் தெரியும். முன்னுரையில் அரை வரி.

263ஆம் குறிப்பு இப்படி இருக்கிறது: "பனிக்காலத்தில் துணி துவைக்கும் பெண்ணின் கைகள் பூப்போலச் சிவந்தன என்கிறார் கவிஞர். சிவப்பது முதல் நாள். பிறகு வெடிக்கும். கவிஞர் இரண்டாம் நாள் ஆற்றங்கரைக்குப் போகவில்லை போலிருக்கிறது."

மிஸ் ஊயிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். எழுபதை நெருங்குகிறார், முப்பது வருடம் நூலகர். நாங்கள் மாண்டரினில்தான் பேசுவோம்.

"இதுக்கு மேல உனக்கு என்ன சான்று வேணும்? பொம்பளதான் எழுதியிருக்கா."

"இதை நான் சான்றா எடுக்கமாட்டேன். ஆம்பளைக்கும் கண்ணு இருக்கு."

"நீ ஒரு கல்லு, தெரியுமா?"

"கல்லுல எழுதினாத்தான் நிக்கும், மிஸ் ஊய்."

மார்ச் 22, சனி

ஒரு சொல் காணாமல் போனால் அது தற்செயலாக இருக்கலாம். அதனால் வேறு ஏதாவது காணவில்லையா என்று தேடினேன். சீனக் கவிதையில் அடிக்கடி வரும் நூறு மரம், பூ, பறவைகளின் பட்டியல் போட்டு, இரண்டு பகுதிகளிலும் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஐந்து நாள் வேலை. பிளம் பூ இருக்கிறது. வில்லோ மரம் இருக்கிறது. வாத்து, குயில், தாமரை, நிலா எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன.

நாரை இல்லை.

முதல் பகுதியில் 19 முறை. கடைசி 94இல் ஒன்றுகூட இல்லை. 240ஆம் குறிப்பில் 'நீண்ட கழுத்துள்ள வெள்ளைப் பறவை' என்று இருக்கிறது. நான் அதைக் கொக்கு என்று மொழிபெயர்த்திருந்தேன்.

தோவ் ஜூ வீட்டில் நாரை என்ற பெயருடையவர் யாருமில்லை. தகப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்கள் எல்லாம் முன்னுரையில் இருக்கின்றன. பார்த்தாயிற்று.

சின்னம்மாவிடம் சும்மா கேட்டேன். "சித்தப்பா பேரு தவிர வேற யாரு பேரச் சொல்லமாட்டீங்க?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "மாமனாரு பேரு. வேற யாருது?"

மார்ச் 23, ஞாயிறு

மிஸ் ஊயிடம் கேட்டது: தோவ் ஜூவின் மகளை எந்தக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள்? சீனாவில் நூலகத்தில் இருக்கும் தன் பழைய தோழிக்கு எழுதுவதாகச் சொன்னார். அந்த வட்டாரத்தின் பழைய ஊர் வரலாறுகளில் கல்லறை வாசகங்களைப் படியெடுத்து வைத்திருப்பார்கள். இருந்தால் கிடைக்கும்.

கிடைக்கும் முன்பே எழுதிவைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது: அந்த மாமனாரின் பெயர் நாரை என்றால் நான் சொல்வது சரி. வேறு எதுவாக இருந்தாலும் தவறு. அப்போது அட்டையில் இருப்பது அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். பக்கத்து வீட்டிலிருந்து கோழி ரெண்டாங் குழம்பும் கெத்துப்பாட் சோற்றுப் பொட்டலமும் வந்தன. சீனாவிலிருந்து பதில் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

கிள்ளான்காரர் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார், எனக்கும் நகல். மொழிபெயர்ப்பாளரின் புது ஊகம் பற்றிக் கேள்விப்பட்டாராம். ஐந்தாம் அத்தியாயத்தில் தாம் இதை விரிவாக ஆராய்ந்து முடித்துவிட்டதாகவும், 'ஒவ்வொரு மூங்கிலாக எண்ணி' எடுத்த முடிவு என்றும் எழுதியிருக்கிறார்.

அவருடைய சீனம் மெதுவானது. அகராதி வேண்டும்.

துணி காயவைத்தேன். மழை. எடுத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள். மறந்துபோய் மிஸ் ஊயை அழைத்துவிட்டேன். பின்னணியில் அரிவாள் சத்தம், ஊதுபத்தி, யாரோ இருமுகிறார்கள்.

"நான் எங்கப்பா கல்லறையில புல்லு வெட்டிக்கிட்டு இருக்கேன். நீ இன்னொருத்தியோட மாமனார் கல்லறை கேக்குறே."

"மன்னிச்சிடுங்க."

"பரவால்ல. எங்கப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். அங்க அவருக்கு ஆள் தெரியும்."

ஏப்ரல் 8, செவ்வாய்

மதியம் இரண்டாவது வகுப்புக்கு நடுவில் வந்தது. ஒரு பக்கத்தின் படம், கொஞ்சம் சாய்வாக எடுத்தது.

குவாங் குடும்பத்தின் கல்லறை வாசகம். கண்ணை ஓடவிடாமல், முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். குவாங் வீட்டு இரண்டாம் மகன் தோவ் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். மூன்றாம் ஆண்டு காய்ச்சலில் இறந்தான். குழந்தை இல்லை. அவள் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி, அவர் கண் மங்கிய காலத்தில் அவருக்குப் படித்துக்காட்டி, கடைசிவரை உடனிருந்தாள். அவள் பெயர் இல்லை. பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டுவதில்லை.

அந்த மகனின் தகப்பன் பெயர் குவாங் ஹெ.

'ஹெ' என்றால் நாரை.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. முதல் வரிசையில் ஒரு பெண், "டீச்சர், யாருக்காச்சும் ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள்.

"இல்ல. ஒருத்தங்க கெடைச்சிட்டாங்க" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தி, தனியாக உட்கார்ந்து, பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓவும் இரண்டு ரொட்டி சானாயும் சாப்பிட்டேன். மூன்றாவதும் சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். வடை, பாயசம். உரையை மூன்றாம் முறை திருத்தினேன்.

மகளின் திருமணத் தேதி, கணவன் இறந்த தேதி இரண்டும் கல்லில் இருக்கின்றன. கடைசிப் பகுதியில் 290ஆம் குறிப்பு ஒரு வெள்ளத்தைச் சொல்கிறது, அது மருமகன் இறந்து நான்கு வருடம் கழித்து வந்தது. ஆகவே மருமகன் எழுதவில்லை. குழந்தை இல்லை, ஆகவே பேரன் எழுதவில்லை. மாணவன் ஆசிரியர் பெயரை விலக்கலாம், ஆசிரியர் மகளின் மாமனார் பெயரை எதற்கு விலக்குகிறான்? மூங்கிலையும் நாரையையும் ஒருசேர விலக்க வேண்டிய ஒரே ஒரு ஆள்தான் பூமியில் இருந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மருத்துவமனைக்குப் போன தேதியை உரையின் அடிக்குறிப்பில் சேர்க்கலாமா என்று இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன். பிறகு வேறொன்றைத் தேட ஆரம்பித்து, போன வருடத்தது, அதற்கு முந்தையது, ஒன்பது புத்தகங்களையும் கீழே இறக்கினேன். பழக்கதோஷம், எண்ணினேன்.

'கிள்ளான்காரர்': 112. 'அவர்' (அவரைக் குறித்து மட்டும்): 240க்கு மேல். 'ஐந்தாம் அத்தியாயத்தின் ஆசிரியர்': 17. பெயர்: ஒரு முறைகூட இல்லை.

மரியாதையால் அல்ல என்று எழுதிவைக்கிறேன்.

இதைப் பற்றி மேலும் எழுத எதுவும் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

நீலப் புடவைக்கு இஸ்திரி போட்டேன். 61ஆம் தாள் இல்லாத பழைய ஒளிநகலைப் பையில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அரங்கில் எழுபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் மிஸ் ஊயின் தோழிகள், உணவு நன்றாக இருக்கும் என்று அழைத்துவரப்பட்டவர்கள். மேசையில் மூன்று பேர். நடுவில் பேராசிரியர் தான், எழுபத்தைந்து வயது, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவர் முன்னால் மாதிரி அட்டை.

நாற்பது நிமிடம் பேசினேன். மூங்கில், நாரை, கல்லறை. சின்னம்மாவையும் சொன்னேன், பெயர் சொல்லாமல். மருத்துவமனை முகப்பில் 'குடை?' என்று கேட்ட இடத்தில் அரங்கே சிரித்தது. மிஸ் ஊயின் தோழிகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

பிறகு கிள்ளான்காரர் பேசினார். தமிழில் ஆரம்பித்தார், சீனத்தில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"மலர் சொல்றது கேக்க ரொம்ப அழகா இருக்கு. மலர் எப்பவுமே கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க." என்னை அறிந்தவர்கள் இரண்டு பேர் சத்தமாகச் சிரித்தார்கள். அவர் காத்திருந்தார். "ஆனா ஒரு கல்லறை வாசகத்த வச்சு எண்ணூறு வருஷமா ஒருத்தர் பேருல இருக்கிற நூல இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுத்திட முடியுமா? மருமகன் எழுதியிருக்கலாம். ஏன், பேரன் எழுதியிருக்கலாம்."

வெள்ளத்தைச் சொன்னேன். குழந்தை இல்லாததைச் சொன்னேன். தேதிகளைத் திரையில் போட்டேன்.

"சரி. அப்படின்னா முதுமையில வர்ற நடை மாற்றம்? அதை நான் ஐந்தாம் அத்தியாயத்துல நிறுவியிருக்கேன். ஒவ்வொரு மூங்கிலா எண்ணி."

அப்போது பேராசிரியர் தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் முன்னால் என் உரையும் இருந்தது, ஐந்தாம் அத்தியாயத்தின் சீன மொழிபெயர்ப்பும் இருந்தது. மெதுவாகப் பேசுபவர்.

"ஒரு சின்ன விஷயம். டாக்டர் தவமலர் நாற்பத்தொன்று என்கிறார். நானும் நேற்று எண்ணினேன், நாற்பத்தொன்றுதான் வருகிறது. உங்கள் நூலில் முப்பத்தேழு. எந்தப் பதிப்பிலிருந்து எண்ணினீர்கள்?"

அவர் தன் புத்தகத்தைப் புரட்டினார். அடிக்குறிப்பைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"இப்ப உடனே சொல்லத் தெரியல. பழைய பதிப்பு. வெவ்வேற பதிப்புல கொஞ்சம் முன்ன பின்ன..."

"எல்லாப் பதிப்பும் ஒரே பலகையிலிருந்து வந்தவை" என்றார் பேராசிரியர் தான்.

பின்வரிசையில் ஒருவர் மிட்டாய்த் தாளைப் பிரிக்கும் சத்தம். நான் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். முடிவு ஏற்கெனவே என் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் எழுந்து நின்றேன், பையிலிருந்து பழைய ஒளிநகலை எடுத்தேன்.

"குணாளன்" என்றேன்.

ஒலிபெருக்கியில் அது நான் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. அவர் நிமிர்ந்தார். பதினான்கு வருடத்தில் நான் அவரை அப்படி அழைத்ததில்லை.

"ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிற தவறு உங்களுடையது இல்லை. என்னுடையது. 2001இல் நாஞ்சிங்கில் எண்ணினேன். என் நகலில் 61ஆம் தாள் இல்லை, அதனால் நான்கு மூங்கில் விட்டுப்போயிற்று. முதுமையின் விளையாட்டு என்ற விளக்கமும் என்னுடையதுதான். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, அந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டையும் இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

ஒளிநகலை மேசையில் வைத்தேன். ஓரங்களில் என் கையெழுத்தில் பென்சில் எண்கள், ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை.

மொழிபெயர்ப்பாளர் முடித்ததும் மேசையில் இருந்த மிஸ் ஊய் முதலில் கைதட்டினார். செயலாளர் தட்டக்கூடாது. தட்டினார். பிறகு தோழிகள் எல்லாரும். பிறகு மற்றவர்கள்.

பேராசிரியர் தான் வாக்குக் கேட்டார்: அட்டையை மாற்றலாமா? மிஸ் ஊயின் கை ஏற்கெனவே மேலே இருந்தது. பேராசிரியர் தன் கையை உயர்த்தினார். குணாளன் அந்தப் பென்சில் எண்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கையும் உயர்ந்தது. அதை எழுதிவைப்பது நியாயம்.

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து இரண்டாவது பேனாவை எடுத்து, மாதிரி அட்டையில் தோவ் ஜூவுக்குக் கீழே சீனத்தில் இரண்டு எழுத்து எழுதினார். "அவர் மகளும்." பிறகு 263ஆம் குறிப்பை, துணி துவைப்பவளின் கை பற்றியதை, அரங்கில் உரக்க வாசித்தார். முதல் வரிசையில் ஒரு வயதான சீனப் பெண் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

உணவு உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

சின்னம்மாவுக்குக் கண் அறுவை. ஏழரைக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். அதே இளஞ்சிவப்புத் துணிப் பெண் முகப்பில் இருந்தாள், என்னைப் பார்த்ததும் விரலைக் கூராக மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

காத்திருக்கும்போது கைப்பேசியில் செய்தி வந்தது. குணாளன். ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தி இரண்டாம் பதிப்புக் கொண்டுவர யோசிக்கிறாராம். நன்றியுரையில் என் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

'நன்றியுரையில் வேண்டாம். அட்டையில்' என்று அனுப்பினேன்.

சின்னம்மா பதினொன்றரைக்கு வெளியே வந்தார், வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடி. "என்னாடி, ஜெயிச்சிட்டியாமே? மிஸ் ஊய் ராத்திரி போன் பண்ணிச்சு."

"ஆமா, சின்னம்மா."

"நல்லது. பசிக்குது."

கஞ்சி வாங்கிக் கொடுத்தேன். மூன்று மணிக்கு வீடு. மூன்று இருபதுக்குக் குணாளனின் பதில் வந்தது, ஒரே சொல்: 'சரி'.

கண் மருந்து நாளைக்கு நான்கு வேளை. முதல் வேளை ஊற்றியாயிற்று.